பீரியட் சாரின் அப்கிரேடு ஃபைல்

என் அக்காவின் கணவர் எந்த முடிவையும் வாயால் எடுத்தவர் இல்லை. எழுத்தில்தான் எடுப்பார். முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் அந்த நாற்காலி அவரை விடவில்லை. வீட்டில் குழாய் ஒழுகினால்கூட ஒரு வெள்ளைத் தாளில் 'பொருள்: குழாய்' என்று எழுதி, அடிக்கோடு போட்டு, என்ன செய்யலாம் என்று குறிப்பும் எழுதி அக்காவின் கருத்துக்கு அனுப்புவார். அனுப்புவார் என்றால், ஹாலிலிருந்து எடுத்துப்போய்ச் சமையலறை மேடைமேல் வைப்பார். அக்கா அதன்மேல் சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பாள்.

பள்ளியில் அவருக்கு 'பீரியட் சார்' என்று பெயர். வருடாவருடம் டைம்டேபிள் போட்டது அவர்தான். நாற்பத்திரண்டு வகுப்பு, அறுபத்தொரு டீச்சர், நாளைக்கு எட்டு பீரியட். ஒரே டீச்சர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்க முடியாது என்ற சிக்கல்தான் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அத்தானுக்குத் தெரிந்ததோ வேறு. டிராயிங் டீச்சருக்கு முழங்கால் தேய்மானம், அடுத்தடுத்த பீரியடில் மூன்றாவது மாடிக்கு ஏற்றி இறக்கக் கூடாது. கெமிஸ்ட்ரி சார் தன் அம்மாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டு வர வேண்டும், முதல் பீரியட் தரக் கூடாது. இரண்டு கணக்கு டீச்சர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஒருவர் வெளியே வரும் வகுப்புக்குள் அடுத்தவரை அனுப்பக் கூடாது. இதையெல்லாம் யாரும் மனுவாக எழுதித் தர மாட்டார்கள். போகிற போக்கில் அவர் காதில் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்.

அந்த டைம்டேபிள் புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் அங்கே முன்பு வேலை பார்த்த ஒரு கம்ப்யூட்டர் வாத்தியார். அவர் எங்கோ போய்விட்டார், முகவரி கிடையாது. புரோகிராம் மட்டும் அத்தானின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு டீச்சர் பெயருக்குப் பக்கத்திலும் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம், அதற்குள் அவர்கள் கஷ்டம். ஓய்வு பெற்ற பிறகும் விடுமுறை முடிய மூன்று வாரம் இருக்கும்போது பள்ளியிலிருந்து போன் வரும். "சார், இந்த வருஷமும் நீங்கதான் போட்டுத் தரணும்." அத்தான் "பாக்கலாம்" என்று கொஞ்சம் பிகு பண்ணிக்கொள்வார். பிறகு பத்து நாள் அவர் நடையே வேறு மாதிரி இருக்கும்.

இந்த வருடம் அந்த போனுக்கு முன்னால் நீலப் பெட்டி வந்தது.

காலை பத்து மணிக்கு அவர் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையின் நடுவில் நீலக் கட்டத்துக்குள் ஒரு அறிவிப்பு. உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அடுத்த மாதத்தோடு பாதுகாப்பு நிற்கிறது, புதியதற்கு மாறுங்கள், செலவில்லை. கீழே இரண்டு பொத்தான். ஒன்று 'இப்போதே', மற்றது 'பிறகு'. அத்தான் 'பிறகு' என்பதை அமுக்கினார். மறுநாள் பத்து மணிக்கு அது மறுபடி வந்து நின்றது. அதற்கும் 'பிறகு'. இப்படி இருபது நாள் போனதும் அவர் ஃபைல் திறந்தார்.

'பொருள்: வீட்டுக் கணினி – அப்கிரேடு செய்யலாமா, வேண்டாமா – கருத்து கோருதல்.' முதல் குறிப்பிலேயே மனிதர் குழம்பிப் போயிருந்தது தெரிந்தது. அன்று மாலை நான் போனபோது தாளை என்னிடம் நீட்டினார்.

"மாப்ளே, நீயே படி. 'உங்கள் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கும்'னு மேல போட்டிருக்கான். ரெண்டு வரி தள்ளி, 'முன்னெச்சரிக்கையாக நகல் எடுத்துக்கொள்ளவும்'னு போட்டிருக்கான். பத்திரமா இருக்கும்னா நகல் எதுக்கு? நகல் வேணும்னா பத்திரம் எங்க?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம், நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் மெஷின் வைத்திருப்பவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பேப்பர் மாட்டினால் எந்தக் கதவைத் திறந்து இழுக்க வேண்டும் என்பதுதான். ஆனால் கிடைத்த மரியாதையை யார் விடுவார்கள்? "யோசிக்க வேண்டிய விஷயம்தான் அத்தான்" என்றேன், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

மெக்கானிக்கை வரவழைத்தோம். எல்லாக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கும் போல வந்ததும் பின்பக்கம் ஊதிப் பார்த்தார்.

"பண்ணிடுங்க சார். பண்ணலேன்னா வைரஸ் வரும்."

"பண்ணா என் டைம்டேபிள் புரோகிராம் ஓடுமா?"

"ஓடலாம்."

"ஓடலாமா, ஓடுமா?"

"ஓடாமலும் போகலாம் சார். ரொம்பப் பழசு பாருங்க."

"அப்ப பண்ண வேண்டாமா?"

"பண்ணலேன்னா வைரஸ் வரும் சார். பிடிக்கலேன்னா பத்து நாளைக்குள்ள பழசுக்கே திரும்பிடலாம்."

"திரும்பினா எல்லாம் முன்ன மாதிரியே இருக்குமா?"

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தார். "இருக்கலாம்" என்றார்.

அத்தான் ஃபைலில் நேர்மையாகவே எழுதினார்: 'மெக்கானிக்கின் கருத்து: செய்யவும். செய்ய வேண்டாம்.'

அடுத்து வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா, 'இப்போதே'ன்னு இருக்குல்ல, அதை அமுக்கிட்டுப் போய்க் குளிங்க. வரும்போது முடிஞ்சிருக்கும்."

"குளிச்சிட்டு வந்து இல்லேன்னா?"

"எது இல்லேன்னா?"

"எதுவுமே இல்லேன்னா."

"அப்பா, நீங்க கம்ப்யூட்டரைத்தானே சொல்றீங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். லைன் சரியில்லை என்று சொல்லி அத்தான் வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அக்காவுக்குப் போன ஃபைல் 'உங்க இஷ்டம்' என்று திரும்பி வந்தது. இஷ்டம் என்பது கருத்து ஆகாது என்று எழுதி அவர் மறுபடி அனுப்பினார். 'கருத்து இல்லை. சாப்பிட வரவும்' என்று எழுதி அவள் மறுபடி திருப்பினாள். அந்தத் தாளில் கையெழுத்துக்குப் பதில் எண்ணெய்க் கறை.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அவர் எதற்குப் பயந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புரோகிராம் போனால் டைம்டேபிள் போகும். டைம்டேபிள் போனால் பள்ளிக்கூடத்தில் அவரைத் தேட ஆள் இருக்காது. அமுக்காமலே இருந்தால் வைரஸ் வந்து அதையே தின்றுவிடுமாம். பென் டிரைவில் நகல் எடுத்து வைத்தார். அதை எங்கே போட்டு ஓட்டுவது என்று மெக்கானிக்கைக் கேட்டால், "அதான் சார் பிரச்சினை" என்றார். நாலு பேரிடம் கேட்டால் தெளியும் என்று நம்பிய மனிதருக்கு நாலாவது ஆளுக்குப் பிறகு மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் ஃபைலை என்னிடம் கொடுத்தார்.

"உன் கருத்தை எழுத்துல குடு. அதை வெச்சு முடிவெடுத்துடறேன். மூணு நாள்."

மூன்று நாள் என்பது அவருடைய சட்டம். யார் மேஜையிலும் ஒரு ஃபைல் மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது. அவர் சர்வீஸில் ஒரு ஃபைல்கூட அவர் மேஜையில் தூங்கியதில்லை என்று அவர் பிரிவு உபசார விழாவில் பேசினார்கள். அதைக் கேட்டுத்தான் அவர் கண் கலங்கினார், போட்ட மாலைக்கு அல்ல.

ஃபைலைக் கடைக்கு எடுத்துப்போய் மேஜை டிராயரில் வைத்தேன். ஆற அமர யோசித்து எழுதலாம் என்று எண்ணம். மறுநாள் பதினோராம் தேதி. பள்ளி ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தார். கையில் ஒரு தாள்.

"இது எழுபது காப்பி வேணும். அவசரம்."

வாங்கிக் கண்ணாடிமேல் வைக்கும்போதுதான் பார்த்தேன். புது வருட டைம்டேபிள். நாற்பத்திரண்டு வகுப்பும் இருந்தது. கலர் கலராகக் கட்டம், ஓரத்தில் ஏதோ கம்பெனியின் சின்னம்.

"இதை யார் போட்டாங்க?" என்றேன்.

"இந்த வருஷம் புது ஹெச்.எம். வந்திருக்காங்க. ஆன்லைன்ல ஏதோ வாங்கிட்டாங்க. அரை மணி நேரத்துல போட்டுருச்சு" என்றார் அந்தப் பெண், மெஷினைப் புகழ்வது போல.

முதல் காப்பி மை அப்பிக் கெட்டுப்போனது. அதை ஒதுக்கிவிட்டு எழுபதும் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் போன பிறகு கெட்டுப்போன தாளை எடுத்துப் பின்பக்கம் தேதி முத்திரை குத்தினேன். கை அதுவாகக் குத்தியது. கடை திறந்த அன்று அத்தான் தந்த பரிசு அந்த முத்திரை. "உன் கடையில ஒரு தாள்கூடத் தேதி இல்லாம இருக்கக் கூடாது மாப்ளே" என்று சொல்லித் தந்தார். குத்திய தாளை டிராயருக்குள் போட்டேன். அவர் ஃபைலுக்குள்ளேயே போட்டேன். ஏன் அங்கே போட்டேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அதன் பிறகு என் நிலைமைதான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது. அப்கிரேடு பண்ணலாமா என்பது இப்போது ஒரு கேள்வியே இல்லை. எதைக் காப்பாற்ற அவர் இத்தனை பேரிடம் அலைகிறாரோ அது கைநழுவிப் போய்விட்டது. பண்ணலாம் என்று எழுதினால், ஏன் என்று கேட்பார். வேண்டாம் என்று எழுதினால், வராத போனுக்காக அந்த மனிதர் காத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நேராகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் அந்த வீட்டுப் படியேறினேன். இரண்டு தரமும் அவர் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொல்ல வந்ததை மென்று முழுங்கிவிட்டு வந்தேன். நான் கோழை. அதைப் பூசி மெழுகி என்ன ஆகப் போகிறது?

நாலாம் நாள் நினைவூட்டுக் கடிதம் வந்தது. அக்கா காய்கறி வாங்கப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போனாள். ஏழாம் நாள் இரண்டாவது நினைவூட்டு.

"ஒரு வரி எழுதித் தொலையேன்டா" என்றாள் அக்கா. "பள்ளிக்கூடத்துல இருந்து போனும் வரல. நீயும் ஃபைலைத் தர மாட்டேங்கற. மனுஷன் வீட்ல குறுக்கும் நெடுக்கும் நடக்கறார். தரை தேயுது."

"எழுதறேன்க்கா" என்றேன். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

இருபதாம் தேதி காலை அத்தானே கடைக்கு வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. ஆபீஸுக்குப் போகிற மாதிரியே வந்திருந்தார்.

"எழுதலேன்னாலும் பரவால்ல மாப்ளே. ஃபைலைக் குடு. நானே ஒரு முடிவு பண்ணிக்கறேன்."

டிராயரைத் திறந்து கொடுத்தேன். அந்தத் தாளை உருவிவிட்டுக் கொடுக்க ஒரு நொடி இருந்தது. நான் உருவவில்லை.

அவர் நின்றபடியே ஃபைலைத் திறந்தார். தாளை எடுத்தார். முன்பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பினார். முத்திரையைப் பார்த்தார்.

"பதினொண்ணு" என்றார். "இன்னிக்கு இருபது."

நான் டிராயரை மூடினேன்.

"ஒன்பது நாள் மாப்ளே. உன் மேஜையில தூங்கியிருக்கு."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். என் அப்பா என்னைப் பெல்ட்டால் அடித்திருக்கிறார், கடன்காரன் ஒருவன் நடுத்தெருவில் சட்டையைப் பிடித்திருக்கிறான். எதற்கும் இப்படிக் கூனிக் குறுகியதில்லை.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல அத்தான்."

"'தகவலுக்கு'ன்னு ஓரத்துல எழுதி அனுப்பியிருக்கலாமே" என்றார். அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார் என்று முகத்தில் தெரிந்தது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு பென்சில் குடு."

அரை மணி நேரம் அந்தத் தாளைவிட்டுத் தலை தூக்கவில்லை. நான் இரண்டு வாடிக்கையாளரைக் கவனித்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு இடத்தில் வட்டம் போட்டிருந்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கு" என்றார். "ஒரு இடத்துலகூட மோதல. நான் போட்டா ரெண்டு மூணு மோதும், அப்புறம் சரி பண்ணுவேன். ஆனா இங்க பாரு. டிராயிங் டீச்சர், திங்கட்கிழமை, ரெண்டாவது பீரியட் மூணாவது மாடி, மூணாவது பீரியட் கீழ, நாலாவது மறுபடி மேல. அந்தம்மா சாயங்காலம் வீட்டுக்கு எப்படிப் போவாங்க? கெமிஸ்ட்ரி சாருக்கு அஞ்சு நாளும் முதல் பீரியட். அவர் அம்மாவுக்கு ஊசி யார் போடுவா?"

எந்த வட்டத்தை எதோடு மாற்றினால் சரியாகும் என்று ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டிருந்தார். அதற்கு ஒரு காப்பி எடுக்கச் சொன்னார்.

"இதை ஹெச்.எம். கையில குடுத்துடு. என் பேர் வேண்டாம். காப்பி போடும்போது கண்ணுல பட்டதுன்னு சொல்லு."

அன்று மத்தியானமே போனேன். புதுத் தலைமை ஆசிரியை சின்ன வயசுக்காரர், பொறுமையாகத் தாளைப் பார்த்தார்.

"ஜெராக்ஸ் கடைக்காரருக்கு டிராயிங் டீச்சரோட முழங்கால் எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

நான் திருதிருவென்று விழித்தேன். கடைக்கு நாலு பேர் வருவாங்க, பேசிக்குவாங்க என்று ஏதோ உளறினேன். அவர் மேலே கேட்கவில்லை. நன்றி என்று சொல்லித் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

மாலை அத்தான் வீட்டுக்குப் போனபோது அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் பேனா இல்லை. நீலப் பெட்டி நின்றது.

"அமுக்கிடவா?" என்றார்.

"அமுக்குங்க அத்தான்."

'இப்போதே' என்பதை அமுக்கினார். குளிக்கப் போகவில்லை. இரண்டு மணி நேரம் திரையில் சதவீதம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தேழில் அது நெடுநேரம் நின்றபோது எனக்குத்தான் வியர்த்தது. அக்காவும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். கடைசியில் புதுத் திரை வந்தது. மூலையில் பழைய படங்கள் எல்லாம் வரிசை மாறாமல் இருந்தன. டைம்டேபிள் புரோகிராமின் படமும் இருந்தது. அத்தான் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

திறந்தது. அறுபத்தொரு பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மஞ்சள் கட்டம். ஒரு எழுத்துகூடக் கலையவில்லை.

"ஓடுதே மாப்ளே" என்றார்.

நாற்பது நாள் எதற்குப் பயந்தாரோ அது நடக்கவில்லை. அதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று எனக்குப் புரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் பெயர்களை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு மூடினார்.

அடுத்த வாரம் பள்ளி ஆபீஸ் பெண் மறுபடி வந்தார். திருத்திய டைம்டேபிள், எழுபது காப்பி. எழுபத்தொன்று போட்டேன். மிஞ்சியதின் பின்னால் தேதி குத்தி, ஓரத்தில் 'தகவலுக்கு' என்று எழுதி, அந்த நிமிடமே கடையைச் சாத்திவிட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். அத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பன்னிரண்டில் பதினொன்று சரியாகியிருந்தது. டிராயிங் டீச்சருக்கு வாரம் முழுவதும் தரைத்தளம். தாளை ஃபைலில் கோத்தார். கடைசிக் குறிப்பு எழுதினார்: 'மேற்படி பொருளில் மேல்நடவடிக்கை தேவையில்லை. கோப்பை மூடலாம்.' ஃபைலின் டேக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

மணி பத்து. எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டார். புதுத் திரை பளிச்சென்று வந்து நின்றது. அவர் எதற்கோ காத்திருப்பது போலப் பார்த்தார்.

"முன்னெல்லாம் இந்நேரம் ஒரு கேள்வி கேட்கும்" என்றார். "இப்ப எதுவுமே கேக்க மாட்டேங்குது."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அப்போது அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் எவரையும் யோசனை கேட்டு அறியாதவள் என் அக்கா. வீட்டுக்கு என்ன வாங்குவது, எங்கே வைப்பது, எல்லாம் அவள் வைத்ததுதான். அவள் ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் மேஜைமேல் வைத்தாள். அடிக்கோடு கோணலாக இருந்தது.

'பொருள்: ஹால் ஜன்னலுக்குத் திரைத்துணி – பச்சையா, சாம்பலா – கருத்து கோருதல்.'

அத்தான் இரண்டு முறை படித்தார். தாளின் மூலையில் இன்றைய தேதி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"எத்தனை நாள் அவகாசம்?" என்று கேட்டார்.

"மூணு நாள்" என்றாள் அக்கா.